கடுகளவு மஞ்சக்கரு

ஏம்மா, கோவிச்சுக்கிடாதிய. அந்த முட்டை அட்டையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வச்சுக்கிடுதியளா? மடியிலயே வச்சுக்கிடுங்க, அதான் நல்லது. கீழ வச்சா பஸ்ஸு குலுங்கையில என் தூக்குவாளி மேல வந்து இடிக்கும். தப்பா நெனைக்காதிய. நாங்க சைவம். முட்டை பக்கத்துல இருந்தாலே எனக்கு ஆகாது. சின்னதுல இருந்தே அப்படித்தான். உங்களைக் கொறை சொல்லலை. நீங்க தின்னுங்க, நல்லாத் தின்னுங்க, யாரு வேண்டாம்னா.

தூக்குவாளியில பிரசாதமான்னா கேக்கிய? இல்லம்மா. மீனு.

சிரிக்கியளே! சைவம்னு சொல்லிட்டு வாளியில மீனு கொண்டு போறாளேன்னுதான? திங்கதுக்கு இல்லம்மா. வளக்குற மீனு. கப்பின்னு சொல்லுவாவ. கண்ணாடித் தொட்டியில வாலை விரிச்சுக்கிட்டுத் திரியுமே, அது. அதுவும் பெரிய மீனு இல்ல, குட்டி. பொறந்து அஞ்சு நாள் ஆவுது. ஒவ்வொண்ணும் சீரகத்துல பாதிதான் இருக்கும். ரெண்டு கண்ணு மட்டும் கருப்பாத் தெரியும், மிச்ச உடம்பு தண்ணியோட தண்ணியாக் கெடக்கும். பஸ்ஸு எங்கயாவது நிக்கட்டும், மூடியத் தொறந்து காட்டுதேன். டவுன்ல ஏறும்போது ஒம்பது இருந்துச்சு.

நான் பாவூர்சத்திரத்துல எறங்கணும். அங்க எம் மருமவ இருக்கா. அவ அம்மை வீடு. இதைக் கொண்டுபோய் அவ கையில குடுத்துட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுத் திரும்பிருவேன். உக்காரக்கூட மாட்டேன். அவ பொருளு அவகிட்ட. அம்புட்டுத்தான் என் சோலி. வீட்டுக்கு வான்னு கூப்பிடப் போறேன்னு நெனைக்காதிய. நான் எதுக்குக் கூப்பிடணும்? நானா போகச் சொன்னேன்?

சொல்லுதேன். நீங்க தென்காசி வரைக்கும் போறவுகதான? சொல்லுதேன், கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, எம் மேல என்ன தப்புன்னு.

எனக்கு ஒத்தைக்கு ஒரு மவன். பிரமநாயகம். எங்க மாமனார் பேரு. பிரமுன்னு கூப்பிடுவோம். தூத்துக்குடியில கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்ல வேலை. விடியப் போனா பொழுதடைஞ்சுதான் வருவான். எங்க வீட்டுக்காரவுக தவறி ஆறு வருசம் ஆச்சு. அந்த வருத்தத்துக்கு எடையிலதான் இவனுக்குப் பொண்ணு பாத்தேன். வடிவு. வடிவாம்பிகைன்னு பேரு. சுத்த சைவம்னு சொல்லித்தான் சம்பந்தம் பேசுனாவ. மறுவீட்டுக்குப் போனப்பம்தான் தெரியுது, அவ அப்பாவுக்கு நெஞ்சுச்சளியில உடம்பு மெலிஞ்சு போச்சாம், டாக்டரு தின்னச் சொல்லிட்டாராம், பொறவாசல்ல தனியா ஒரு ஸ்டவ்வு வச்சு முட்டை அவிக்காவ! எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. அன்னைக்கே வடிவுகிட்ட சொல்லிட்டேன். 'ஏளா, உங்க வீட்டுப் பொறவாசல் உங்க வீட்டோட இருக்கட்டும்'னேன். சரி அத்தைன்னா. நல்ல பிள்ளைதாம்மா. எதைச் சொன்னாலும் சரி அத்தைன்னு கேட்டுக்கிடும். இல்லாததை நான் சொல்லமாட்டேன்.

மொத வருசமே உண்டானா. மூணு மாசத்துல போயிட்டு. அடுத்தது மூணுகூட முடியலை. மூணாவதுதான் அஞ்சு மாசம் வரைக்கும் தங்கிச்சு. அஞ்சு மாசம்மா. கையும் காலும் வச்சு... வேண்டாம், அதைப் பேச வேண்டாம்.

ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மாகிட்ட நான்தான் கூடப் போவேன். அந்தம்மா எடுத்த எடுப்புலயே, 'உடம்புல ரத்தமே இல்ல, சத்தே இல்ல, தெனம் ஒரு முட்டை குடுங்க'ன்னாவ. வடிவு என் மூஞ்சியப் பாத்தா. நான் சொன்னேன், 'எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்ல, வேற சொல்லுங்க'ன்னு. வேற எழுதிக் குடுத்தாவ. நான் ஒண்ணுலயும் கொறை வைக்கலை. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், உளுந்தங்களி, அத்தனையும் என் கையால செஞ்சு, அவ திங்க வரைக்கும் பக்கத்துல நின்னு குடுத்தேன். தங்கலைன்னா நான் என்ன செய்ய?

ஆனா ஒத்தை வார்த்தை அவளை நான் ஏசலைம்மா. ஒத்தை வார்த்தை! எங்க நாத்தனார் மவ வளைகாப்பு எங்க வீட்டுல வச்சுத்தான் நடந்துச்சு. அன்னைக்கு மட்டும், 'நீ உள்ள அறையில இருந்துக்கோ வடிவு, வாரவ எதாவது கேப்பாவ, உனக்குத்தான் மனசு கஷ்டம்'னேன். அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். அது ஏச்சா? சாயந்தரம் வரைக்கும் உள்ளயே இருந்தா. ஏழு வகைச் சோறும் தட்டுல வச்சு நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். அவ தின்னாளா இல்லையான்னு எனக்கு ஞாபகம் இல்ல. அன்னைக்கு எனக்கு நூறு சோலி.

மூணாவது போனபெறவு அவ பேச்சே கொறஞ்சு போச்சு. சோறு வைக்கணும்னா வைப்பா, தொவைக்கணும்னா தொவைப்பா. கேட்டதுக்கு ஆமா, இல்ல. அம்புட்டுத்தான். பிரமுக்கு மனசு கேக்கலை. எங்கயோ போய் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கியாந்து பட்டாசல்ல, நடுவீட்டுல வச்சிட்டான். அதுல ஏழெட்டு மீனு. 'ஏல கூறுகெட்டவனே, சைவ வீட்டுல மீனா?'ன்னேன். 'எம்மா, யாரும் அதைக் கொழம்பு வைக்கப் போறதில்ல, சும்மா இரு'ன்னான். சரி, வடக்குப் பக்கம் தண்ணி இருந்தா நல்லதுன்னு யாரோ சொன்னாவ, இருந்துட்டுப் போட்டும்னு விட்டேன்.

பேட்டை தாண்டியாச்சா? சன்னலைக் கொஞ்சம் எறக்கி விடுங்கம்மா, தூத்தல் வாளி மேல அடிக்கி.

அந்த மீனுக்கு ஒரு தீனி குடுத்தான். செவப்பா, குட்டி குட்டி உருண்டை. காலைல குளிச்சிட்டு நான்தான் போடுவேன். ஓடியாந்து கவ்வும் பாருங்க, எனக்கே ஆசையா இருக்கும். மூணு மாசம் கழிச்சு ஒருநாள் பிரமு அந்தப் பாக்கெட்டைக் கையில வச்சுப் படிச்சிட்டு இருக்கான். படிச்சிட்டுச் சிரிக்கான். 'எம்மா, இதுல கருவாட்டுத்தூளும் எறாப்பொடியும்லா சேத்திருக்கு'ங்கான்.

ஆத்தாடி! எனக்கு எப்படி இருந்திருக்கும்! மூணு மாசமா இந்தக் கையால கருவாட்டைத் தொட்டுட்டு இதே கையால விளக்கேத்திருக்கேன். அந்தால பாக்கெட்டைத் தூக்கித் தெருவுல எறிஞ்சேன். தலைக்குத் தண்ணி ஊத்துனேன். சொல்லிட்டேன், 'எங்க வீட்டுல இருக்குற வரைக்கும் அதுகளும் சைவம்தான்'னு. பொட்டுக்கடலையைத் திரிச்சு மாவாக்கிப் போட்டேன். இட்லியை உதுத்துப் போட்டேன். வடிவு மட்டும், 'அத்தை, அதுக்கு இது பத்தாது அத்தை, மெலிஞ்சிருச்சு'ன்னா. 'எல்லாம் பழகிரும், நம்ம பழகலையா'ன்னேன்.

அதுக்குப் பெறவுதான் ஒருநாள் காலைல பட்டாசல்ல இருந்து சத்தம். 'அத்தை! அத்தை! ஓடியாங்க, குட்டி போடுது!' நாலு வருசத்துல அவ அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. அடுக்களையில இருந்து கரண்டியோட ஓடுனேன். மீனு முட்டைல்லா போடும், குட்டி எப்படிப் போடும்னு போய்ப் பாத்தா, நெசமாத்தாம்மா. வயித்துல இருந்து உருண்டையா ஒண்ணு விழுது. விழுந்த ஒடனே விரிஞ்சு நீந்துது! அவ கண்ணாடியில மூக்கை வச்சுக்கிட்டு, 'நாலு, அஞ்சு'ன்னு எண்ணுதா. எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அப்பம் பாத்து அந்தத் தாய் மீனு திரும்புச்சு. திரும்பி, இப்பம் போட்டதையே ஒரே வாயில முழுங்கிட்டு.

வடிவு அலறிட்டா. கண்ணுல தண்ணி. நான் அப்பம் ஒரு வார்த்தை சொன்னேன். சும்மா, வெளையாட்டுக்குத்தான். என்ன சொன்னேன்னா... 'சரி விடு, திங்கதுக்காவது ஒண்ணைப் பெத்துச்சே'ன்னேன்.

ஏன் அப்படிப் பாக்கிய? மனசுல ஒண்ணையும் வச்சுக்கிட்டுச் சொல்லலைம்மா. வாயில வந்துட்டு. அந்த நேரம் மீனைத்தான பாத்துட்டு நின்னோம், மீனைப் பத்தித்தான சொன்னேன்? அவ அடுக்களைக்குப் போயி டீ வடிகட்டியை எடுத்துட்டு வந்தா. நான் டீ வடிக்கிற வடிகட்டி! அதை வச்சு ஒண்ணொண்ணா அள்ளி ஹார்லிக்ஸ் பாட்டில்ல விட்டா. பதினொண்ணு பொழைச்சுது. வடிகட்டியைப் பத்திக்கூட நான் ஒண்ணும் கேக்கலை. புதுசு வாங்கிக்கிட்டேன்.

மீன் கடைக்காரன்கிட்ட போன்ல கேட்டா. அவன் சொல்லிருக்கான், 'தாய்க்கு வயிறு நெறையத் தீனி இருந்தா இவ்வளவு திங்காதும்மா, என்ன தீனி போடுதிய'ன்னு. அவன் பாக்கெட்டு விக்கணும்லா, அப்படித்தான் சொல்லுவான். குட்டிக்கு என்ன குடுக்கணும்னு கேட்டதுக்கு, 'முட்டையை அவிச்சு மஞ்சக்கருவுல கடுகளவு எடுத்துத் துணியில வச்சுத் தண்ணிக்குள்ள பிழிஞ்சு விடுங்க, மூணு வேளையும்'னானாம். அவ இதை எங்கிட்ட சொன்னா. கேக்கலைம்மா, சொன்னா. அம்புட்டுத்தான். சொல்லிட்டு என் மூஞ்சியப் பாத்தா, அந்த டாக்டரம்மா முன்னால பாத்தாளே, அதே மாதிரி. நான் கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தேன். 'பொட்டுக்கடலை மாவைச் சலிச்சுப் போடு'ன்னேன். சரி அத்தைன்னா.

ரெண்டு நாள்ல நாலு செத்துப்போச்சு. மிச்சம் ஏழு.

வெள்ளிக்கிழமை. நான் காந்திமதி அம்மனைக் கும்பிட்டுட்டு மத்தியானம் வீட்டுக்கு வாரேன். நடையில காலை வைக்கும்போதே ஒரு வாடை. எனக்குத் தெரியாதா? சம்பந்தி வீட்டுப் பொறவாசல் வாடை. அடுக்களைக்குப் போனா, பால் காய்ச்சுற சட்டி கழுவிக் கவுத்திருக்கு. சாமிக்குப் பால் காய்ச்சுற சட்டிம்மா! இவ ஈரக்கையைத் தொடைச்சுக்கிட்டு நிக்கா. 'என்னளா செஞ்ச?'ன்னேன். 'குட்டிக்கு அத்தை. கடுகளவுதான்'னா. தெளிவாச் சொன்னா. பயம் இல்ல மொகத்துல. அதுதான் எனக்கு ஆங்காரம்.

அப்பம் எனக்குத் தோணுச்சு. கடுகளவு சரி. ஒரு முட்டை எம்புட்டு இருக்கும்? 'மிச்சத்தை என்ன செஞ்ச?'ன்னேன். 'மிச்சத்தை எங்க போட்ட? வாளியிலயா, வாருகால்லயா?'ன்னேன். அவ நிமிந்து பாத்துச் சொல்லுதா, 'தின்னுட்டேன் அத்தை. டாக்டர் நாலு வருசமாச் சொல்லுதாவல்லா'ன்னு.

எம்மாடி! எங்க வீட்டு அடுக்களையில நின்னு! நான் என்ன செஞ்சேன்னே எனக்குத் தெரியலை. சன்னல்ல அந்த பாட்டில் இருந்துச்சு. தண்ணி மஞ்சளாக் கலங்கிக் கெடந்துச்சு. முட்டைத் தண்ணி. தீட்டு. எடுத்துட்டுப் போய் முத்தத்து வாருகால்ல, அந்தச் சாக்கடையில கொட்டிட்டேன். குட்டி உள்ள இருக்குன்னு எனக்கு ஞாபகமே இல்ல. ஏழும் அன்னைக்கு நல்லாத் துள்ளிக்கிட்டு இருந்துச்சு.

அவ ஓடியாந்தா. வாருகால் பக்கத்துல மண்டி போட்டு உக்காந்து, அந்த டீ வடிகட்டியால சகதியைத் தோண்டுதா. சோத்துப் பருக்கையும் சாம்பலும்தான் வருது. சேலையெல்லாம் சகதி. நான், 'எந்திரிளா, தெருவுல பாக்கப் போறாவ'ன்னேன். எந்திரிச்சா. வடிகட்டியைக் கொழாயில கழுவினா. கழுவிட்டு எங்கிட்ட வந்து நின்னு ஒண்ணே ஒண்ணு சொன்னா.

'இதோட நாலு, அத்தை.'

அம்புட்டுத்தான். மறுநாள் காலைல பிரமு கூட பஸ்ஸேறிப் போனவதான். நாப்பது நாள் ஆகப்போவுது. போன் பண்ணுனா எடுக்க மாட்டேங்கா. அவன் சனிக்கிழமை அங்க போயிருதான், திங்கக்கிழமை வேலைக்கு அங்க இருந்தே போயிருதான். மத்த நாளும் வீட்டுக்கு வந்தா அவனும் ஆமா, இல்ல. நாலுன்னா என்ன அர்த்தம், சொல்லுங்க? மீன்குட்டியும் மனுசப்பிள்ளையும் ஒண்ணா? அந்த மூணுக்கும் நானா காரணம்? அப்படியா சொல்லுதா அவ? நானும் தெனம் நெனைச்சு நெனைச்சுப் பாக்கேன்.

ஆலங்குளமா இது? இருங்க, பஸ்ஸு நிக்கி, மூடியத் தொறக்கேன். ஒண்ணு... ரெண்டு... அந்தா ஓரத்துல ஒண்ணு... எட்டுதான் இருக்கு. கீழ ஒண்ணு சாஞ்சு கெடக்கு பாத்தியளா. காலைல அதுதான் நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு.

இதுக எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. அவ போனபெறவு அந்தத் தொட்டியும் நானும்தான் வீட்டுல. ஆம்பள மீனு ரெண்டும், மத்ததும் ஒண்ணொண்ணாச் செத்துப்போச்சு, தாய் மீனு மட்டும் ஒத்தையாத் திரிஞ்சுது. கடைக்காரன்கிட்ட, 'எடுத்துக்கோப்பா'ன்னா, தொட்டியோட எடுக்க மாட்டேனுட்டான். போட்டும்னு இட்லியை உதுத்துப் போட்டுக்கிட்டு இருந்தேன். திங்கக்கிழமை காலைல கோலம் போட்டுட்டு உள்ள வாரேன், தொட்டியில புள்ளி புள்ளியா ஓடுது! ஆம்பளையே இல்லாம எப்படின்னு எனக்கு ஒண்ணும் வெளங்கலை. கடைக்காரன் சொல்லுதான், பழைய சேர்க்கையை மாசக்கணக்கா உள்ள வச்சிருந்து அதுவாப் போடுமாம். போடும்மா. அதுக்கு ஒரு முட்டையும் தின்ன வேண்டியதில்ல, ஒரு டாக்டரும் பாக்க வேண்டியதில்ல.

கூப்பிடுதேன் 'வடிவு'ன்னு. வாய்ப்பழக்கம். அவதான் இல்லையே! அதுக்குள்ள அந்தத் தாய் திரும்பி ஒண்ணை முழுங்கிட்டு. நான் என்ன செய்யட்டும்? வடிகட்டியை எடுத்தேன். அவ வச்சிட்டுப் போன பழைய வடிகட்டி. அள்ளப்போனா நழுவுது. பதினேழு எடுத்தேன். அதே ஹார்லிக்ஸ் பாட்டில்ல விட்டேன். விட்டுட்டு, பொட்டுக்கடலை மாவைச் சலிச்சுப் போட்டேன். திங்கலை. மாவு அடியில போய்ப் படிஞ்சு நாறுது. கஞ்சித்தண்ணி விட்டேன். பாலு ஒரு சொட்டு விட்டேன், பச்சைப் பிள்ளைக்குப் பாலுதானேன்னு. தண்ணி வெளுத்துப் போயி அன்னைக்கு மட்டும் மூணு செத்துச்சு. தண்ணி மாத்துனேன், அதுல ரெண்டு. என்ன செஞ்சாலும் சாவுது. ஒண்ணும் செய்யாட்டியும் சாவுது. நான் அந்த பாட்டிலு முன்னால தட்டழிஞ்சு போயி உக்காந்திருந்தேன்மா. செத்ததை எடுக்கும்போது விரல்ல ஒட்டிக்கிடும், அம்புட்டுக்காணும்தான் இருக்கும். அதுக்கு அழணுமா? அழுதேன்.

பிரமுக்குப் போன் போட்டேன். 'எம்மா, நான் என்ன சொல்ல, முட்டைதான்'னான். வச்சிட்டான்.

நேத்து கடைக்குப் போனேன். எங்க தெரு முக்குல ஒரு கடை. அங்க கண்ணாடிப் பெட்டிக்கு மேல அட்டை அட்டையா அடுக்கி வச்சிருக்கான். இத்தனை வருசமா நான் அந்தப் பக்கமே திரும்புனதில்ல. போய் நின்னேன். 'என்ன வேணும் ஆச்சி'ன்னான். பொறத்தால எதுத்த வீட்டு மங்கையர்க்கரசி நிக்கா. எப்படிக் கேப்பேன்? 'ஊதுபத்தி'ன்னேன். வாங்கிட்டு வந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி போனேன். மறுபடியும் ஊதுபத்திதான். இப்படியே நாலு தடவை. வீட்டுல இப்பம் நாலு கட்டு ஊதுபத்தி கெடக்கு. குட்டி ஒம்பதுதான் கெடந்துச்சு.

அதான் காலைல இந்தத் தூக்குவாளியில ஊத்தி எடுத்துக்கிட்டுப் பஸ்ஸேறிட்டேன். அவ கையில குடுத்துட்டா அவ பாத்துக்கிடுவா. வாரேன்னு சொல்லலை. சொன்னா வேண்டாம்பா. வாசல்ல நின்னு, 'உன் குட்டி, இந்தா'ன்னு குடுத்துட்டு...

ஒரு விசயம் சொல்லட்டுமா? நீங்க யாரோ, நான் யாரோ. எறங்குனா பாக்கப் போறதில்ல. அன்னைக்கு பாட்டிலைக் கொட்டுனேன்லா. ஞாபகம் இல்லைன்னு சொன்னேன்லா. தெரியும்மா. ஏழு இருக்குன்னு தெரியும். அவ முட்டை தின்னுட்டேன்னு சொன்ன ஒடனே அந்தக் குட்டிகளைத்தான் பாத்தேன். பாத்துட்டுத்தான் கொட்டுனேன். அவளுக்கு வலிக்கணும்னுதான் கொட்டுனேன். பிரமுகிட்டகூட இதைச் சொல்லலை. அவளுக்கு அது தெரியும். மண்டி போட்டுத் தோண்டும்போதே தெரியும். அதான் ஏசாமப் போயிட்டா. ஏசிட்டுப் போயிருந்தா நான் இப்படிக் கெடந்து உருளமாட்டேன்.

அடுத்தது பாவூர்சத்திரமா? அதுக்குள்ளயா?

இருங்க, எண்ணிப் பாக்கேன். ஆறு... இல்ல, அந்தா, ஏழு. அது உசுரோடதான இருக்கு? உங்க கண்ணு நல்லாத் தெரியும், பாத்துச் சொல்லுங்க. அசையுதா? அசையுதுல்லா? ஏழு. முருகா, வீடு போய்ச் சேருத வரைக்குமாவது இருங்கடி.

ஏம்மா.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்க வாய் வரலை. அந்த அட்டையில... ஒண்ணே ஒண்ணு தருவியளா? சும்மா வேண்டாம், காசு தாரேன். அட, வாங்கிக்கிடுங்கம்மா. சரி, சரி, உங்க இஷ்டம்.

அவ வீட்டுல இல்லையான்னா கேக்கிய? இருக்கும். பொறவாசல் ஸ்டவ்வு பக்கத்துலயே இருக்கும். அது இருந்துட்டுப் போட்டும். இது நான் கொண்டுபோனதா இருக்கணும். ஊதுபத்தியைக் குடுத்துக்கிட்டா அவ முன்னால நிக்க முடியும்?

குடுங்க. இல்ல, முந்தானையில வேண்டாம், கையிலயே குடுங்க. ஆத்தாடி, இம்புட்டுக் கனமா? கூழாங்கல்லு மாதிரி சில்லுன்னு இருக்கு. அமுத்திப் பிடிச்சா ஒடஞ்சிருமா? இப்படிப் பிடிக்கட்டுமா? நாறலை. நான் நாறும்னுல்லா நெனைச்சேன்.

எம்புட்டு நேரம் அவிக்கணும்? பத்து நிமிசமா? தண்ணி கொதிச்ச பெறவு போடணுமா, மொதல்லயேவா? மொதல்லயேவா. சரி. உப்பு? வேண்டாமா. சரி. அவிச்சு, மஞ்சக்கருவுல கடுகளவு எடுத்துத் துணியில வச்சுப் பிழியணும். அது எனக்குத் தெரியும். அந்த ஸ்டவ்வைப் பத்தவைக்க விடுவாவளோ என்னவோ. சம்பந்தியம்மா கதவைத் தொறக்கணுமே மொதல்ல.

கண்டக்டர் தம்பி, பைய நிறுத்துய்யா, ரெண்டு கையிலயும் சாமான் இருக்கு, பிடிக்க முடியாது. எம்மா, இந்த வாளியை மட்டும் படி வரைக்கும் பிடிங்க, நான் இதைப் பிடிச்சுக்கிடுதேன்.

என்ன? மிச்சமா? கடுகளவு போக மிச்சத்தை என்ன செய்யவா?

அவ தின்னட்டும்மா. நான் நின்னு உரிச்சுக் குடுக்கேன். ஏம்மா, எப்படி உரிக்கணும்? சீக்கிரம் சொல்லுங்க, பஸ்ஸு நின்னுட்டு, எந்தப் பக்கம் இருந்து உரிக்கணும்?